கரைந்த நிலம் யார் கணக்கில்?

சுரங்கம் என்ற சொல்லோடு நமக்கு வந்து சேரும் பிம்பங்கள் ஏறக்குறைய எல்லாமே மனித உடலைச் சார்ந்தவை. நெற்றியில் விளக்கு, கையில் கடப்பாரை, கரி அப்பிய முகம், குழிவாசலில் காத்து நிற்கும் பெண்கள். சுரங்கத் தொழிலாளர் வரலாறுகளும் நாவல்களும் இந்த உடலைச் சுற்றியே எழுதப்பட்டன. சுரண்டல் எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால், அதோ அந்தக் குழிக்குள்ளே என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. பூமிக்கடியில் ஒரே ஒரு ஆள்கூட இறங்காத சுரங்கமும் உண்டு. புதைந்துகிடக்கும் பாறை உப்பின்மேல் தண்ணீரை விடுவார்கள். அல்லது தானாகவே போய்ச் சேர்ந்த தண்ணீரை இறைப்பார்கள். உப்பு கரைந்து குழாய் வழியே மேலே வரும். காய்ச்சினால் மறுபடியும் உப்பு. வெட்டுவது, உடைப்பது, சுமப்பது எல்லாம் தண்ணீரின் வேலை. அதற்குக் கூலி கிடையாது, சங்கம் கிடையாது. பின்னால் ஏதாவது நடந்துவிட்டால் சாட்சிக்கூண்டில் ஏற்றவும் முடியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்தது. இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் என்றொரு மாவட்டம். அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வீடுகள் சாய்ந்தன, தெருக்கள் உள்வாங்கின, வயல்கள் ஏரிகளாயின. ஏன் இப்படி நடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் செய்தது என்பதை மட்டும் கோர்ட்டில் நிரூபிக்க முடியவில்லை. ‘எல்லாருந்தான் இறைக்கிறான், எவன் இறைச்சதுல என் வீடு சாஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவ?’ நம்மூர் பாஷையில் போட்டால் சிக்கல் இவ்வளவுதான். காரணம் தெரிந்தும் காரணகர்த்தா இல்லாமல் போன இந்த நிலையை மண்ணின் அமைப்பு பாதி உண்டாக்கியது, மீதியைச் சட்டம் உண்டாக்கியது என்று நான் கருதுகிறேன். அதே சட்டம் கப்பலேறி நம்மிடமும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் உப்பு ‘விளைகிறது’. பாத்தி கட்டுகிறோம், நீர் பாய்ச்சுகிறோம், வாருகிறோம். அளத்து வேலைக்கு வயல் வேலையின் சொற்களே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் பல அளங்களில் கடல்நீருக்குப் பதிலாக ஆழ்துளையிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள் என்றாலும் விளைய வைப்பது வெயில்தான். அங்கே உழைப்பவரின் துன்பமும் கண்ணுக்குத் தெரிகிற துன்பம்: வெடித்த பாதம், கூசும் கண். செஷயர் உப்பைப் பற்றிப் பேச இந்தச் சொல்வழக்கு உதவாது. அங்கே அடுத்த பருவம் என்று ஒன்றில்லை. எடுத்தது எடுத்ததுதான்.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அந்தப் பிரதேசம் வறண்டு கிடந்த காலத்தில், தேங்கிய உவர்நீர் வற்றிவற்றிப் படிந்த உப்பு அது. அதன்மேல் செங்களிமண் மூடிவிட்டது. மழைநீர் இறங்கி உப்புப் படுகையின் மேற்பரப்பைத் தொடும் இடங்களில் உப்பு கரையத் தொடங்கும். ஆனால் கரைவதற்கு ஓர் எல்லை உண்டு. எடையில் 100க்கு 26 பங்கு உப்பு சேர்ந்ததும் தண்ணீர் தெவிட்டிவிடும். (கடல்நீரில் 100க்கு மூன்றரைப் பங்குதான்.) தெவிட்டிய நீர் அப்படியே உப்பின்மேல் ஒரு போர்வைபோலக் கிடக்கும், மேற்கொண்டு ஒரு பருக்கையைக்கூடக் கரைக்காது. இந்தச் சமநிலை குலையாதவரை மேலே இருக்கும் நிலத்துக்கு ஆபத்து சொற்பம்.

பம்ப் வைத்து இறைக்கும்போது குலைவது இந்தச் சமநிலைதான். தெவிட்டிய நீர் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பப் புதுத் தண்ணீர் தொலைவிலிருந்து வருகிறது. அது எந்த இடத்தில் முதன்முதலாக உப்பைத் தொடுகிறதோ அங்கேதான் அதிகமாகக் கரைக்கும். பம்ப் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அதன் பசி அடங்கிவிடும். எனவே இறைப்பவனின் கொட்டகை பெரும்பாலும் பத்திரமாக நிற்கிறது. மைல்கணக்கில் தள்ளியிருக்கும் யாரோ ஒருவருடைய பசுமேய்ச்சல் நிலம் ஒரு காலையில் கிண்ணம்போல் குழிகிறது. நீர் ஓடிய தடம் வழியே நீளவாக்கில் பள்ளம் விழுகிறது. இதை ஆங்கிலேயர்கள் ‘காட்டு உப்புநீர்’ இறைப்பு என்றார்கள். காட்டுமல்லி, காட்டுப்பன்றி என்பதுபோல, யாரும் வளர்க்காதது, யாருக்கும் அடங்காதது என்ற பொருளில். பெயரிலேயே பொறுப்புத் துறப்பு இருப்பதைக் கவனிக்கலாம்.

உப்புநீரைக் காய்ச்சுவது அங்கே ரோமானியர் காலத்திலிருந்து நடந்துவந்த தொழில். நார்த்விச், மிடில்விச், நான்ட்விச் என்ற மூன்று உப்பூர்களும் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இடம்பெற்றவை. அப்போதெல்லாம் ஊற்றாக வந்த நீரை மொண்டு காய்ச்சினார்கள். 1670இல் நார்த்விச்சுக்கு அருகில் மார்பரி என்ற இடத்தில் நிலக்கரி தேடித் துளையிட்டவர்கள் பாறை உப்பைக் கண்டார்கள். 1721இல் வீவர் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்குச் செப்பனிடச் சட்டம் வந்தது. அதன்பின் லங்காஷயரின் நிலக்கரி ஆற்றில் மேலேறி வந்தது, உப்பு கீழிறங்கி லிவர்பூலுக்குப் போனது. 1825இல் பிரிட்டன் தன் மக்கள்மீது விதித்திருந்த உப்பு வரியை முற்றாக நீக்கியது. (இந்தியாவில் உப்பு வரி போனது 1947இல். இந்த 122 ஆண்டு இடைவெளியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) வரி போனதும் சோடா தொழிற்சாலைகள் பெருகின. 1873இல் நார்த்விச்சின் விளிம்பில் வின்னிங்டன் என்ற இடத்தில் ஜான் பிரன்னரும் லுட்விக் மாண்டும் தொடங்கிய ஆலைக்கு உப்பு கட்டியாகவே தேவைப்படவில்லை. நீராகவே வேண்டியிருந்தது. காய்ச்சும் செலவும் மிச்சம்.

இதற்கிடையில் பாறை உப்பை ஆள் இறங்கி வெட்டிய சுரங்கங்களும் இருந்தன. கூரையைத் தாங்க உப்பிலேயே தூண்களை விட்டு வெட்டுவார்கள். தூணைக் கனமாக விட்டால் லாபம் குறையும் என்பதால் மெல்லிசாக விட்டார்கள். எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்ததும் தூண்கள் அடியிலிருந்து கரைந்தன. வெள்ளம் புகுந்த சுரங்கத்தைக் கைவிட்டார்களா? இல்லை. அங்கேயே பம்ப் வைத்தார்கள்! சுரங்கம் முழுக்க இலவசமாகத் தெவிட்டிய உப்புநீர் நிற்கும்போது எவன் விடுவான்? இறைத்தார்கள், புதுத் தண்ணீர் வந்தது, மிச்சமிருந்த தூண்களும் கரைந்தன. இப்படி எடுத்த நீருக்குத் தொழில் வட்டாரத்தில் வழங்கிய பெயரைக் கூச்சமில்லாமல் தமிழாக்கினால் ‘தகப்பன் பேர் தெரியாத உப்புநீர்’ என்று வரும். கெட்ட வார்த்தைதான். ஆனால் சட்ட நூல்கள் மழுப்பிய உண்மையை அந்தத் தொழிலாளர் பேச்சு போட்டு உடைக்கிறது.

1880 டிசம்பர் 6 அதிகாலையில் நார்த்விச்சின் டன்கர்க் பகுதியில் நிலம் உட்கார்ந்தது. கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் ஓடைநீர் பாய்ந்தது. உள்ளே அடைபட்ட காற்று சேற்றை வாரிக்கொண்டு பீறிட்டது. வீவர் ஆறு சிறிது நேரம் பின்னோக்கி ஓடியது. அன்றைக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1873லேயே சுரங்க ஆய்வாளர் ஜோசஃப் டிக்கின்சன் உப்பு வட்டாரத்து நிலச்சரிவுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார். பின்வந்த ஆண்டுகளிலும் கடைகள் சாய்வது நிற்கவில்லை. நார்த்விச்காரர்கள் கடைசியில் கட்டடக் கலையையே மாற்றிக்கொண்டார்கள். மரச்சட்டம் கோத்து அதன்மேல் வீடு, கடை, வங்கி எல்லாவற்றையும் கட்டினார்கள். நிலம் இறங்கினால் ஜாக்கி வைத்து மொத்தக் கட்டடத்தையும் தூக்கி நிறுத்தி அடியில் மண் போட்டுக்கொள்ளலாம். சுற்றுலாக் கையேடுகளில் இது அழகான கறுப்பு வெள்ளை மரவேலைப்பாடாக விவரிக்கப்படுகிறது. நஷ்டஈடு வாங்க வழியில்லாத ஜனங்கள் கண்டுபிடித்த தற்காப்பு அது என்று நான் வாசிக்கிறேன்.

ஏன் வழியில்லை? இங்கே இரண்டு தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் உப்பைப் பற்றியவை அல்ல. 1843ஆம் ஆண்டின் ஆக்டன் எதிர் பிளண்டெல் வழக்கில் ஒரு பருத்தி ஆலையின் கிணறு, அருகில் தோண்டிய நிலக்கரிக் குழியால் வற்றிப்போனது. 1859இல் பிரபுக்கள் சபை வரை போன சேஸ்மோர் எதிர் ரிச்சர்ட்ஸ் வழக்கில், குராய்டன் நகர நிர்வாகம் கிணறு வெட்டி இறைத்ததால் வாண்டில் ஆற்றங்கரை ஆலைக்கு வரும் நீர் குறைந்தது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் தோற்றார். நிலத்தடியில் வரையறுத்த வாய்க்காலில் ஓடாமல் கசிந்து திரியும் நீரை, தன் நிலத்துக்குள் நின்று எவனும் எவ்வளவும் எடுக்கலாம். அதனால் அயலானுக்கு நேரும் நட்டத்துக்கு அவன் பொறுப்பல்ல. இந்தத் தீர்ப்புகளின் பின்னாலிருக்கும் தர்க்கம் சுவாரசியமானது. நிலத்தடி நீரின் போக்கு யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றின்மீது உரிமைகளையும் கடமைகளையும் நிறுவ முடியாது என்கிறது அது. அறியாமை இங்கே ஒரு குறைபாடாக இல்லை, ஒரு சொத்தாக மாறுகிறது. அதுவும் பம்ப் வைத்திருப்பவனின் சொத்தாக.

1891இல் பாராளுமன்றம் உப்புநீர் இறைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நிலச்சரிவுக்கு நஷ்டஈடு தருவது அதன் நோக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1888இல், சின்னதும் பெரியதுமாகச் சிதறிக் கிடந்த உப்புக் கம்பெனிகளில் பெரும்பான்மை சால்ட் யூனியன் என்ற ஒரே நிறுவனமாகச் சேர்ந்திருந்தது. எதிராளியாக நிறுத்த ஒரு முகமாவது அதன்பிறகு கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் சட்டம் அந்த முகத்தைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தில் இறைப்பவர்கள் எல்லோரிடமும் 1,000 காலனுக்கு அதிகபட்சம் 3 பென்ஸ் வரை வசூலித்து, ஒரு வாரியத்தின் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்றது. எவன் இறைத்ததில் உன் வீடு சாய்ந்தது என்ற கேள்வியையே அது ஓரமாக வைத்துவிட்டது.

ஃபூக்கோவின் உதவியாளராக இருந்த ஃபிரான்சுவா எவால்ட் பிரான்சின் 1898ஆம் ஆண்டு வேலைவிபத்துச் சட்டத்தை ஆராய்ந்தபோது சொன்னது இங்கே பொருந்துகிறது. தவறு யாருடையது என்று தேடும் சட்டத்தின் இடத்தை, இடர்ப்பாட்டைக் கணக்கிட்டுப் பகிரும் காப்பீடு எடுத்துக்கொள்கிறது. பழி மறைகிறது, விகிதம் வருகிறது. இதை முழுத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கணக்கில் கோர்ட் படியேறித் தோற்றவர்களுக்கு வாரியத்தின் காசோலை சின்ன விஷயமல்ல. ஆனாலும் அந்த 3 பென்ஸைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 காலன் என்பது சுமார் 4,546 லிட்டர். தெவிட்டிய நீரில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும் என்பதால், 1.4 டன் உப்பு. அவ்வளவு உப்பு நிலத்தடியில் அடைத்துக்கொண்டிருந்த இடம் ஒரு கனமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, ஊருக்கு அடியில் ஒரு கனமீட்டர் வெற்றிடம் உண்டாக்க விலை அதிகபட்சம் நாலரைப் பென்ஸ். எடுத்த உப்பை விற்று வந்த பணத்துக்கு முன்னால் இது கிள்ளுக்கீரை.

1906இல் நடந்த ஒரு வழக்கு இந்தச் சட்டக் கட்டமைப்பின் கேலிச்சித்திரம்போல இருக்கிறது. சால்ட் யூனியன் பிரன்னர் மாண்ட்மீது வழக்குப் போட்டது. ‘நீ இறைக்கிறாய், என் நிலத்திலுள்ள பாறை உப்பு கரைந்து உன் பம்புக்கு வருகிறது, இது திருட்டில்லையா?’ என்பதே வாதத்தின் சாரம். ஊரான் வீடு சாய்ந்தபோது நிலத்தடி நீரின் ரகசியத்தில் ஒதுங்கிய தொழில், தன் உப்பே கரைந்தபோது அதே ரகசியத்தில் முட்டிக்கொண்டது. சால்ட் யூனியன் தோற்றது. நிலத்தடி நீரை எடுப்பது சட்டப்படியான செயல். எடுத்த நீரில் அடுத்தவன் உப்பு கரைந்திருந்தால் அதற்கு நிவாரணம் இல்லை. மூலதனம் தனக்குத் தானே வழக்காடித் தோற்கும் இந்த இடத்தில் சிரிப்பு வந்தாலும், விதி எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதும் தெரிகிறது. அது மாற 1970களின் தொடக்கம் வரை ஆயிற்று. ஸ்டாஃபோர்டு நகரில் லோட்டஸ் என்ற செருப்புக் கம்பெனியின் கட்டடங்கள் சேதமாகி, உப்புநீர் இறைத்த பிரிட்டிஷ் சோடா கம்பெனி கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டது. உப்புநீரை வெறும் நீர் என்று பார்க்க முடியாது, அது கரைந்த கனிமம், அயலானின் நிலத்தைத் தாங்கி நின்ற கனிமத்தை உருவியெடுத்தால் பொறுப்பேற்றாக வேண்டும் என்பதாக அந்தத் தீர்ப்பு அமைந்தது. தண்ணீருக்கும் உப்புக்கும் இடையில் கோடு கிழிக்க ஆங்கிலச் சட்டத்துக்கு அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நாக்கில் வைத்துச் சொல்லியிருக்கும்.

இவ்வளவு உப்பும் எங்கே போனது? கணிசமான பங்கு வங்காளத்துக்கு. கல்கத்தாவிலிருந்து சரக்கு ஏற்றிவரப் போகும் கப்பல்கள் வெறுமனே போனால் கடலில் தள்ளாடும். அடிப்பாரத்துக்கு உப்பை ஏற்றினார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் (1772) வங்காள உப்பு கம்பெனியின் ஏகபோகமாயிற்று. ஹிஜ்லி, தம்லுக் கரையோரங்களில் மலங்கிகள் எனப்பட்ட உப்புக் காய்ச்சிகள் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி, உவர்மண்ணை வடித்த நீரை மண்பானைகளில் காய்ச்சிக் கொடுத்தார்கள். கங்கை முகத்துவாரத்தின் ஈரக்காற்றில் வெயிலை நம்ப முடியாது. செஷயர்க்காரனும் மலங்கியும் செய்தது ஒரே வேலைதான், உப்புநீரை நெருப்பில் வைத்து வற்றவிடுவது. ஒருவன் கையில் லங்காஷயர் நிலக்கரி, மற்றவன் கையில் வைக்கோலும் சுள்ளியும். செஷயர், லிவர்பூல் வணிகர்கள் பாராளுமன்றத்தை நெருக்கினார்கள். இந்திய உப்பு பற்றி 1836இல் ஒரு தேர்வுக்குழுவே உட்கார்ந்தது. சுதந்திர வணிகத்தின் பேரால் சந்தை திறக்கப்பட்டது. 1863இல் வங்காளத்தில் அரசு உப்பு உற்பத்தியைக் கைவிட்டது. மலங்கிகளின் பிழைப்பு அத்தோடு போயிற்று. சென்னை மாகாணத்திலும் 1805இலிருந்து கம்பெனி ஏகபோகம் இருந்தாலும் இங்கே வெயில் நம் பக்கம் இருந்தது. லிவர்பூல் உப்பால் வங்காளத்தை விழுங்கியதுபோல இங்கே விழுங்க முடியவில்லை.

நமது தேசிய வரலாற்றெழுத்து 1930இன் தண்டியையும் வேதாரண்யத்தையும் கொண்டாடுகிற அளவுக்கு இந்த அத்தியாயத்தைப் பேசுவதில்லை. 1905 சுதேசி இயக்கம் பகிஷ்கரித்த பொருள்களில் மான்செஸ்டர் துணியோடு லிவர்பூல் உப்பும் இருந்தது என்பதே பலருக்கு நினைவில்லை. ஹிஜ்லியில் அவிந்த அடுப்பும் நார்த்விச்சில் சாய்ந்த சுவரும் ஒரே வணிகத்தின் இரண்டு முனைகள். மலங்கிக்கு நேர்ந்ததைச் சந்தை செய்தது என்றார்கள், நார்த்விச்சில் நேர்ந்ததைத் தண்ணீர் செய்தது என்றார்கள். பொருளியல் பாடநூல்கள் இந்த இரண்டாவது வகை நட்டத்துக்குப் ‘புறவிளைவு’ என்று பெயர் வைத்திருக்கின்றன. எதற்குப் புறம்பே என்று கேட்டால் கணக்குப் புத்தகத்துக்குத்தான்.

இப்போது சேஸ்மோர் தீர்ப்பின் கடல்பயணத்துக்கு வருகிறேன். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு, அதன் ஓர் உதாரணம்: வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்த ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் உரிமை உண்டு. குராய்டனில் பிறந்த விதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சட்டம் தொடக்கத்தில் இந்தியா முழுவதற்கும் வந்துவிடவில்லை. சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்குத்தான் முதலில் நீட்டப்பட்டது. அதாவது, மழை பொய்த்தால் கிணற்றைப் பார்த்து உயிர்வாழ்கிற நம் நிலத்தில், ஈரம் சொட்டும் இங்கிலாந்தின் ஆலைச் சண்டையிலிருந்து பிறந்த நியதி முதலிடம் பிடித்தது.

கமலை ஓடிய காலத்தில் இது பெரிதாக உறுத்தியிருக்காது. மாடு இழுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபிறகு, ‘பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆயிரம் அடி போட்டான், என் கிணறு காஞ்சு போச்சு’ என்கிற பேச்சு கொங்கு நாட்டில் எந்த டீக்கடையிலும் கேட்கும் பேச்சாகிவிட்டது. அவன் செய்தது குற்றமில்லை. இவனுக்கு நேர்ந்தது நட்டமில்லை. நிலம் உள்ளவனுக்கே நீர் என்றாகும்போது நிலமற்ற தலித் குடும்பம் இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதேயில்லை. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டு, பத்தாண்டு கழித்து 2013இல் ரத்தாயிற்று. நார்த்விச்சில் குறைந்தபட்சம் வீடு கண்ணெதிரே சாய்ந்தது, போட்டோ எடுக்க முடிந்தது. வற்றிய கிணற்றைப் போட்டோ எடுத்தால் அது பஞ்சத்தின் படமாகத்தான் அச்சாகும்.

‘காட்டு’ இறைப்பு இன்று செஷயரில் இல்லை. அதன் இடத்துக்கு வந்தது ஒழுங்குபடுத்திய கரைப்பு. ஹோல்ஃபோர்டு என்ற இடத்தில் 1920களிலிருந்து நடப்பது இதுதான். நீர் தானாகப் புகாத ஆழத்திலுள்ள உப்புக்குள் துளையிட்டு, கேசிங் குழாயைச் சிமெண்ட் வைத்து இறுக்குவார்கள். உள்ளே குழாய்க்குள் குழாய். ஒன்றின் வழியே நன்னீர் இறங்கும், மற்றதன் வழியே உப்புநீர் ஏறும். நீர் மேல்நோக்கிக் கரைத்துக்கொண்டே போய்க் கூரையைத் தின்றுவிடாமலிருக்க, உப்பைக் கரைக்காத எண்ணெயோ காற்றோ ஒரு படலமாக மேலே நிறுத்தப்படும். அந்தப் படலத்தை ஏற்றி இறக்கிப் பொந்தின் வடிவத்தைத் தீர்மானிக்கலாம். ஒரு கனமீட்டர் உப்பைக் கரைத்தெடுக்க ஏறக்குறைய ஏழு கனமீட்டர் உப்புநீர் வெளிவர வேண்டும் என்பதால், எவ்வளவு இறைத்தோம் என்று பார்த்து உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்று சொல்லிவிடலாம். வடிவத்தை அறிய ஒலியலைக் கருவியை இறக்குகிறார்கள். ஒரு பொந்துக்கும் அடுத்த பொந்துக்கும் இடையே கனமான உப்புச்சுவரை விட்டுவைக்கிறார்கள். வேலை முடிந்த பொந்துகள் சிலவற்றில் இப்போது இயற்கை எரிவாயுவைச் சேமிக்கிறார்கள். வெற்றிடமும் வாடகைக்குப் போகிறது.

தொழில்நுட்பம் என்ற அளவில் இதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. 1859இல் பிரபுக்கள் சபை ‘அறியமுடியாதது’ என்று கைகழுவிய நிலத்தடியை, அளந்து பதிவுசெய்யக்கூடியதாக இது மாற்றிவிட்டது. அறிய முடியும் என்றானபின் தெரியாது என்ற சாக்கு எடுபடாது. பழைய கடனுக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை. நார்த்விச்சுக்கு அடியில் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சாம்பலும் சிமெண்ட்டும் உப்புநீரும் கலந்த குழம்பால் நிரப்பும் வேலை 2004 தொடங்கி 2007 வரை நடந்தது. மூன்று கோடி பவுண்டு அளவில் செலவு. பொதுப்பணம். 1952இல் திருத்தி அமைக்கப்பட்ட செஷயர் நஷ்டஈட்டு வாரியமும் தொடர்ந்து இருந்துவருகிறது. அந்தப் பக்கம் வீடு வாங்குகிறவரின் வக்கீல் முதலில் அதனிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. பிரன்னர் மாண்டை 2006இல் டாடா கெமிக்கல்ஸ் வாங்கியது. மிடில்விச்சின் பிரிட்டிஷ் சால்ட் நிறுவனமும் 2011 தொடக்கத்தில் அதன் கைக்கு வந்தது. லிவர்பூல் உப்பைப் பகிஷ்கரித்த நாட்டின் கம்பெனி செஷயர் உப்புக்கு முதலாளி! இதில் நம்மவர்கள் சிலருக்குப் புல்லரிக்கலாம். மலங்கியின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைத்தது என்று யோசித்தால் அரிப்பு அடங்கிவிடும்.

ஒழுங்குபடுத்திய கரைப்பின் மறுபக்கத்தைப் பார்க்க இங்கிலாந்தை விட்டுப் பிரேசிலுக்குப் போக வேண்டும். வடகிழக்குக் கரையில் அலகோவாஸ் மாநிலத்தின் தலைநகர் மாசேயோ. முண்டாவூ என்ற காயலை ஒட்டி, நகரத்தின் குடியிருப்புகளுக்கு அடியிலேயே, சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உப்புப் படுகை. 1970களிலிருந்து அங்கே கிணறு போட்டுக் கரைத்தெடுத்தார்கள். குளோரினும் காஸ்டிக் சோடாவும் செய்யத்தான். மொத்தம் 35 கிணறுகள். பின்னாளில் பிரஸ்கெம் என்ற பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தின் கைக்கு அவை வந்தன. ‘காட்டு’ இறைப்பு அல்ல. மேலே விவரித்த அதே குழாய், அதே கணக்கு. 2018 தொடக்கத்தில் பலத்த மழைக்குப் பின் பின்யெய்ரூ பகுதியின் வீடுகளில் விரிசல் விட்டது. மார்ச் மாதம் நிலம் அதிர்ந்தது. மழைதான் காரணம், மண்வாகு அப்படி, கட்டடம் கட்டிய லட்சணம் அப்படி என்று பல காரணங்கள் உலவின. 2019 மே மாதம் பிரேசிலின் அரசு நிலவியல் துறை, உப்புக் கிணறுகளின் பொந்துகள் நிலைகுலைந்ததே காரணம் என்று அறிக்கை வெளியிட்டது. பிரித்தெடுப்பு நின்றது.

இங்கே ‘எவன் இறைத்தது’ என்ற கேள்விக்கு இடமேயில்லை. ஒரே நிறுவனம், 35 துளைகள், எல்லாவற்றுக்கும் எண் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாகச் செஷயர் தேடிய முகம் இங்கே முதல் நாளிலிருந்தே தெரிந்த முகம். ஆனாலும் ஏறத்தாழ 60,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. சுமார் 14,000 கட்டடங்கள் காலியாயின. தேவாலயம், பள்ளிக்கூடம், கடைத்தெரு, திருவிழா நடந்த தெருமுனை எல்லாம் போயின. காயலில் மீன்பிடித்தவர்களின் பிழைப்பும் போயிற்று. பேச்சுவார்த்தையில் அரசு வழக்கறிஞர்களும் நிறுவனமும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி வீடு வீடாக நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. நஷ்டஈடு வாங்கியவரின் வீடும் அதன் அடிமனையும் நிறுவனத்தின் பெயருக்குப் போயின. 2023 டிசம்பர் 10ஆம் தேதி 18ஆம் எண் பொந்து முண்டாவூ காயலுக்கு அடியில் உடைந்து, காயல்நீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அப்போது கரையில் யாரும் இல்லை. அந்தப் பகுதியிலிருந்து ஜனங்கள் முன்பே அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள்.